குடும்பத்தைப் படிக்க யுனிவர்சிட்டிக்குப் போகணுமா? எம்.ஏ. சமூகவியல் பற்றி ஒரு சந்தேகம்

குலசேகரத்துக்காரி:

எல்லாருக்கும் வணக்கம். நான் பி.ஏ. பொருளாதாரம் முடித்து ஒரு வருடமாக வீட்டில் இருக்கிறேன். இந்த வருடம் திருநெல்வேலிப் பக்கம் அபிஷேகப்பட்டியில் இருக்கும் மனோன்மணியம் சுந்தரனார் பல்கலைக்கழகத்தில் எம்.ஏ. சமூகவியலுக்கு விண்ணப்பித்திருக்கிறேன், கிடைத்துவிடும் போலிருக்கிறது. சிக்கல் வீட்டில்தான். அப்பா ஒன்றும் சொல்லவில்லை. ரப்பர் பால்வெட்டுக்குப் போய் வந்ததும் பேப்பரை விரித்துக்கொள்கிறார். அண்ணன் ஷார்ஜாவில் இருந்து "பி.எட். போடு" என்கிறான்.

மாமா ஞாயிற்றுக்கிழமை வந்தார். என் போனில் பாடத்திட்டத்தைப் பார்த்தார். குடும்பம், திருமணம், உறவுமுறை என்று ஒரு பகுதி இருந்தது. "இதைப் படிக்க அபிஷேகப்பட்டி வரைக்கும் போகணுமா மக்களே? உனக்க அம்மைகிட்ட கேட்டா ரெண்டு மணிக்கூருல சொல்லித் தருவாளே" என்றார். எல்லாரும் சிரித்தார்கள். நானும் சிரித்தேன். ஆனால் அதற்குப் பதில் சொல்ல எனக்குத் தெரியவில்லை, அதுதான் உறுத்துகிறது.

அங்கே உண்மையில் என்னதான் சொல்லித் தருகிறார்கள்? வேலை கிடைக்குமா? அப்புறம், ஆய்வுக்கட்டுரையை எங்கள் ஊரிலேயே, தெரிந்த குடும்பங்களை வைத்தே செய்ய முடியுமா? படித்தவர்கள் சொல்லுங்கள்.

வட்டமும் முக்கோணமும்:

தங்கச்சி, மாமாவிடமிருந்தே தொடங்குவோம். அம்மாவின் தம்பி மாமா. அப்பாவின் அக்காவைக் கட்டியவரும் மாமா. நாளைக்கு உன்னைக் கட்டப்போகிறவனின் அப்பாவும் மாமா. மூன்று பேருக்கும் ஒரே சொல் எப்படி வந்தது? சித்தப்பாவை ஏன் மாமா என்று கூப்பிடுவதில்லை? உன் அம்மையிடம் கேட்டுப் பார், "அது அப்படித்தான்" என்பார்கள். எனக்கும் வீட்டில் அதுதான் பதிலாகக் கிடைத்தது.

முறைப்பையனை, முறைப்பெண்ணைக் கட்டுகிற வழக்கத்தை மனதில் வைத்துப் பார்த்தால் அந்த மூன்று மாமாவும் ஒரே ஆளாக இருக்க முடியும். சொற்கள் அந்தக் கணக்குக்கு ஏற்ப அமைந்திருக்கின்றன. அமெரிக்காவில் மார்கன் என்ற வழக்கறிஞர் செனெக்கா பழங்குடியினரின் உறவுச்சொற்களைச் சேகரித்தவர். தமிழ் உறவுச்சொற்கள் அவர் கைக்கு வந்தபோது இரண்டும் ஏறக்குறைய ஒரே அமைப்பில் இருப்பதைப் பார்த்து அசந்துபோனார். அவருடைய பெரிய நூல் 1871இல் வந்தது. பின்னால் பிரெஞ்சுக்காரர் லூயி துய்மோன் பிரமலைக் கள்ளர் நடுவே இருந்து ஆராய்ந்தார். மச்சான் என்பது வெறும் ரத்த உறவின் பெயர் இல்லை, பெண் கொடுத்து வாங்குகிற உறவே தலைமுறை தலைமுறையாகக் கைமாறி வருவதைச் சொல்லும் பெயர் என்று 1953இல் எழுதினார். இதில் பாதியை மறுக்கிறவர்களும் இருக்கிறார்கள். அந்தச் சண்டையையும் வகுப்பில் படிக்க வேண்டும்.

நம் கன்னியாகுமரி மாவட்டத்தில் இது இன்னும் சுவாரசியம். நாங்கள் கத்தோலிக்கர்கள். திருச்சபைச் சட்டப்படி அத்தை மகன், மாமன் மகளைக் கட்ட முடியாது. கட்ட வேண்டுமென்றால் ஆயரிடம் விலக்கு வாங்க வேண்டும். ஆனால் அத்தை மகனைக் கூப்பிடும்போது வாயில் வருவது "அத்தான்"தான். கல்யாணம் தடைபட்டும் சொல் அப்படியே நிற்கிறது.

முதல் பருவத்தில் சொந்தக் குடும்பத்தை வரைபடமாகப் போடச் சொன்னார்கள். ஆணுக்கு முக்கோணம், பெண்ணுக்கு வட்டம், கல்யாணத்துக்குச் சமக்குறி, இறந்தவர் மேல் ஒரு சாய்கோடு. பத்து நிமிட வேலை என்று நினைத்தேன். என் தாய்வழிப் பாட்டாவும் தகப்பன்வழி ஆச்சியும் அண்ணன் தங்கை. கோடுகள் ஒன்றையொன்று வெட்டி, நான்கு தாள் கிழித்தேன். பக்கத்தில் இருந்த வடமாநில மாணவிக்கு ஒரே தாளில் முடிந்துவிட்டது. அவர்கள் பக்கம் அப்படிக் கட்டவே கூடாதாம், என்னை ஒரு மாதிரி பார்த்தாள்.

ஷார்ஜா ரூம் 7:

நான் இந்தத் தங்கச்சியின் அண்ணன் இல்லை, வேறொருத்தியின் அண்ணன். ஆனாலும் அவர் சார்பில் பேசுகிறேன். முக்கோணம் வட்டமெல்லாம் கொள்ளாம். படித்து முடித்து எவ்வளவு சம்பளம்? நர்சிங் படித்த பிள்ளைகள் நம் மாவட்டத்தில் இருந்து எங்கெல்லாமோ போய்விட்டார்கள். 2011 கணக்கெடுப்பில் 91.75 சதவீத எழுத்தறிவு, தமிழ்நாட்டிலேயே முதலிடம். எல்லாரும் படித்த ஊரில் வெறும் படிப்பை வைத்து யாரும் பெண் பார்க்கக்கூட வருவதில்லை.

பழைய ஃபீல்டு ஒர்க்:

அண்ணன் கேட்டது நியாயமான கேள்வி. நான் சமூகப்பணி படித்து ஒன்பது வருடமாக இந்தத் துறையில் இருக்கிறேன், எனக்குத் தெரிந்ததைச் சொல்கிறேன்.

முதலில், நான்கு படிப்புகளைப் போட்டுக் குழப்பிக்கொள்ளாதீர்கள். சமூகவியலில் குடும்பம் ஏன் இப்படி இருக்கிறது என்று கேட்பார்கள். சமூகப்பணி, அதாவது எம்.எஸ்.டபிள்யூ., உடைந்த குடும்பத்தின் முன்னால் உட்கார்ந்து என்ன செய்வது என்று பழக்கும். வாரத்தில் இரண்டு நாளாவது களப்பணி இருக்கும். மானிடவியலில் உறவுமுறையை ஆழமாகப் படிக்கலாம், சென்னைப் பல்கலைக்கழகத்தில் அதற்குத் தனித் துறை இருக்கிறது. மனையியலில் மனித மேம்பாடு என்று ஒரு பிரிவு உண்டு. குழந்தை வளர்ப்பு, முதுமை, குடும்பம் எல்லாம் அதில் வரும். கோயம்புத்தூர் அவினாசிலிங்கம் இதற்குப் பேர்போனது.

வேலைக்கு வருவோம். கல்லூரி ஆசிரியர் ஆக வேண்டுமென்றால் நெட் தேர்வு. முதுகலையில் 55 சதவீதம் வேண்டும், ஓ.பி.சி., எஸ்.சி., எஸ்.டி. பிரிவுகளுக்கு 50. இரண்டு தாளும் சேர்த்து 150 கேள்வி, 300 மதிப்பெண், தவறான விடைக்குக் கழிப்பு கிடையாது. சமூகவியல் பாடத்திட்டத்தில் எட்டாவது அலகே குடும்பம், திருமணம், உறவுமுறைதான். அதே தேர்வில் ஜே.ஆர்.எஃப். என்கிற ஆராய்ச்சி உதவித்தொகை கிடைத்தால் ஆராய்ச்சியின் முதல் இரண்டு வருடம் மாதம் 37,000 ரூபாய். கிடைக்காதவர்கள்தான் அதிகம், அதையும் நினைவில் வையுங்கள்.

மாவட்டக் குழந்தைகள் பாதுகாப்பு அலகு, பெண்களுக்கான ஒருங்கிணைந்த சேவை மையம், பெண்களுக்கான 181 உதவி எண், குழந்தைகளுக்கான 1098, குடும்ப நீதிமன்ற ஆலோசகர், இவையெல்லாம் இருக்கின்றன. சமூகவியல் படித்தவர்களைச் சிலவற்றுக்கு எடுப்பார்கள். ஆனால் நேரில் ஆள் பார்க்கிற வேலைக்கு எம்.எஸ்.டபிள்யூ.வும் உளவியலும்தான் முன்னால் நிற்கும். பெரும்பாலும் தொகுப்பூதியம், ஒப்பந்தம். சம்பளம் தாமதமாகிற மாதங்களும் உண்டு. நான் ஒருமுறை மூன்று மாதம் கடனில் ஓட்டினேன். கைக்கு வேலை முக்கியம் என்றால் எம்.எஸ்.டபிள்யூ. போ. கேள்வி விடாமல் அரித்தால் சமூகவியல் போ.

தேரூர் குளத்தங்கரை:

இதை ஒரு கிழவனின் குறுக்கீடாக எடுத்துக்கொள்ளுங்கள். முப்பது வருடம் பள்ளியில் தமிழ் நடத்தினவன்.

குடும்பம் என்றால் அப்பா, அம்மை, பிள்ளைகள் என்றும், சொத்து அப்பனிடமிருந்து மகனுக்கு என்றும் நினைத்துக்கொண்டு இந்த மாவட்டத்தில் யாராவது ஆராய்ச்சி செய்ய வந்தால் தோவாளையிலேயே வண்டி நின்றுவிடும். நாஞ்சில் நாட்டு வேளாளர்களிடம் மருமக்கள்வழி இருந்தது. தாய்மாமன்தான் காரணவர், அதாவது குடும்பத் தலைவர், அவருக்குப் பின் அக்காள் தங்கை மக்களுக்குச் சொத்து. பெற்ற பிள்ளைக்கு உகந்துடைமை என்று ஏதோ ஒரு பங்கு. அப்பா அரண்மனை மாதிரி வீட்டில் இருப்பார், அவர் கண்மூடியதும் பிள்ளைகளும் தாயும் மூட்டை கட்ட வேண்டும்.

கவிமணி இதைத்தான் மருமக்கள்வழி மான்மியத்தில் கேலி செய்தார். ஒரு காரணவரின் ஐந்தாவது மனைவி தன் பாட்டைச் சொல்வதாக அமைத்திருக்கிறார். சிரிக்கச் சிரிக்கப் படித்துக்கொண்டே வந்து, முடிவில் தொண்டை அடைக்கும். 1926இல் திருவிதாங்கூரில் நாஞ்சில் நாட்டு வேளாளர் சட்டம் வந்து மக்கள்வழிக்கு, அதாவது பெற்ற பிள்ளைகளுக்கே சொத்து என்பதற்கு, வழி திறந்தது. என் பாட்டா காலத்தில் எங்கள் வீட்டில் பாகம் பிரித்தார்கள். வெண்கல உருளி ஒன்றுக்காக இரண்டு தாவழிக்காரர்கள், அதாவது தாய்வழிக் கிளைக்காரர்கள், பதினோரு வருடம் பேசிக்கொள்ளவில்லை. உருளி இப்போது என் வீட்டுப் பரணில் ஓட்டையோடு கிடக்கிறது.

தாய்வழி என்றதும் பெண்கள் ஆண்டார்கள் என்று சிலர் எழுதுகிறார்கள். எங்கள் ஆச்சியிடம் கேட்டிருக்க வேண்டும். வழி பெண்ணுடையது, சாவி மாமனுடையது.

வட்டமும் முக்கோணமும்:

சார், கடைசி வரியை என் ஆய்வேட்டில் போட்டுக்கொள்ளலாமா? பெயர் போடாமல்.

தேரூர் குளத்தங்கரை:

போடு பிள்ளே. பெயர் போட்டாலும் வருத்தமில்லை, உருளிக்காரர்கள்தான் சண்டைக்கு வருவார்கள்.

குழித்துறை கோர்ட்டு வாசல்:

சார் சொன்னதன் மறுபக்கம் கிறிஸ்தவர்களிடம் இருக்கிறது. 1916இன் திருவிதாங்கூர் கிறிஸ்தவ வாரிசுச் சட்டப்படி, உயில் இல்லாமல் அப்பா இறந்தால் மகளுக்குக் கிடைப்பது சீதனம் மட்டும். அதன் அளவு மகன் பங்கில் கால்வாசி அல்லது 5,000 ரூபாய், எது குறைவோ அது. சில பிரிவினருக்கு வேறு வழக்கம் இருந்தது என்பதும் உண்மை. மேரி ராய் வழக்கில் 1986இல் உச்ச நீதிமன்றம், 1951 முதலே இந்திய வாரிசுரிமைச் சட்டம்தான் செல்லும் என்று சொன்னது. நாம் தமிழ்நாட்டோடு சேர்ந்தது 1956 நவம்பர் 1. அதற்கு முன்னால் திருவிதாங்கூர்-கொச்சிதானே, அதனால் கோட்டயத்துப் பெண்மணி போட்ட வழக்கு நம் விளையின், அதாவது தோட்ட நிலத்தின், பத்திரத்தையும் தொட்டது. இந்துப் பெண்களுக்குக் கூட்டுக்குடும்பச் சொத்தில் தமிழ்நாடு 1989இலேயே சம உரிமை தந்தது, மத்தியச் சட்டம் 2005இல்.

ஆனால் சட்டம் மாறிய வேகத்தில் வீடு மாறவில்லை. "கல்யாணத்துக்கு இவ்வளவு நகை போட்டாச்சு, இனி என்ன பங்கு?" என்று விடுதலைப் பத்திரத்தில் தங்கச்சியிடம் கையெழுத்து வாங்குவதை இன்றும் பார்க்கிறேன். கையெழுத்துப் போட்ட தங்கச்சி அன்றைக்கு மத்தியானம் அதே அண்ணன் வீட்டில் மீன்குழம்பு வைத்துப் பரிமாறுவாள். அவள் ஏன் போட்டாள்? உரிமை தெரியாமலா? பெரும்பாலும் தெரிந்துதான். நாளைக்குப் புருஷன் வீட்டில் ஒரு பிரச்சினை என்றால் வந்து நிற்க ஒரு வாசல் வேண்டும் என்ற கணக்கு. எனக்குத் தெரிந்த சட்டப் புத்தகம் எதிலும் இந்தக் கணக்கு இல்லை. இதற்குத்தான் சமூகவியல் வேண்டும் என்று நினைக்கிறேன்.

ஷார்ஜா ரூம் 7:

சீதனப் பேச்சு வந்தால் இந்த இழை முப்பது பக்கம் போகும். விடுங்கள். தங்கச்சி, நான் சொன்னதைத் திருப்பி எடுத்துக்கொள்ளவில்லை, ஆனால் கோர்ட்டு வாசல் சொன்ன மீன்குழம்பு எங்கள் வீட்டிலும் நடந்தது.

அலைவாய்க்கரை:

எல்லாரும் பெருமையாகப் பேசுகிறீர்கள். நான் கொஞ்சம் கசப்பாகச் சொல்கிறேன்.

நான் தூத்தூர்ப் பக்கம். எங்கள் ஆண்கள் ஆழ்கடலுக்குப் போனால் வாரக்கணக்கில் வரமாட்டார்கள். பள்ளிக்கூடம், வட்டிக்கடன், கல்யாணப் பேச்சு, அடகு நகை எல்லாம் பெண்கள் கையில். 2017 நவம்பர் கடைசியில் ஒக்கி புயல் வந்தது. போனவர்களில் பலர் வரவில்லை, உடலும் வரவில்லை. காணாமல்போனவரை இறந்தவராகக் கருத ஏழு வருடம் காத்திருக்க வேண்டும் என்பது பொதுவிதி. அதைத் தளர்த்தித்தான் நிவாரணம் கொடுத்தார்கள். அந்த இடைவெளியில் எங்கள் பக்கத்து வீட்டு அக்கா கேட்டாள், "ஃபாரத்துல நான் மனைவின்னு எழுதணுமா, விதவைன்னு எழுதணுமா?"

அப்போது கேள்வித்தாளோடு வந்தார்கள். ஒரு குழு போனால் இன்னொரு குழு. ஒரு கல்லூரியில் இருந்து வந்த பிள்ளைகள் "கணவர் இல்லாமல் எப்படி உணர்கிறீர்கள், ஒன்று முதல் ஐந்து வரை மதிப்பெண் கொடுங்கள்" என்று கேட்டார்கள். அக்கா எழுந்து உள்ளே போய்விட்டாள். எழுதிக்கொண்டு போனவர்கள் யாரும் அதில் என்ன எழுதினோம் என்று காட்டத் திரும்பி வரவில்லை. குலசேகரத்துக்காரி, நீ படி. ஆனால் தெரிந்த குடும்பம் என்பதற்காகக் கதவைத் தள்ளிக்கொண்டு உள்ளே போகாதே.

பழைய ஃபீல்டு ஒர்க்:

அலைவாய்க்கரை சொன்னதைப் படித்துவிட்டு நேற்று ராத்திரி ஒன்றும் எழுத முடியவில்லை. நானும் படிக்கிற காலத்தில் அப்படி ஒரு ஐந்து மதிப்பெண் தாளோடு ஒரு வீட்டுக்குப் போனவன்தான். அது வேறு ஊர், ஆனால் கேள்வி அதேதான்.

குலசேகரத்துக்காரி:

இவ்வளவு பேர் எழுதுவீர்கள் என்று நினைக்கவில்லை. அலைவாய்க்கரை அக்கா எழுதியதை இரண்டு தடவை படித்தேன்.

சரி, ஒரு ஒத்திகை பார்த்துவிடலாம் என்று அத்தை வீட்டுக்குப் போனேன். அவர்களுக்கு ஒரே காம்பவுண்டில் மூன்று வீடு. நோட்டில் முதல் கேள்வி: இங்கே எத்தனை குடும்பம்? அத்தை "ஒண்ணு" என்றார். பெரிய மயினி "மூணு" என்றார். ரேஷன் கார்டு இரண்டு. கேஸ் இணைப்பு மூன்று. அடுப்பு நான்கு, ஏனென்றால் பாட்டாவுக்குத் தனியாக ஒரு விறகடுப்பில் கஞ்சி வைக்கிறார்கள். சின்ன அத்தான் மஸ்கட்டில், அவர் மனைவி பிரசவத்துக்குத் தன் அம்மை வீட்டில். அவர்களை எந்த அடுப்பில் எண்ணுவது?

அதற்கு மேல் எதுவும் கேட்க முடியவில்லை. பக்கத்து வீட்டுப் பாட்டி வந்து "நீ யாருக்க மவ?" என்று தொடங்கினார். அப்பா பெயர், விளை பெயர், அம்மையின் ஊர், அண்ணனுக்கு எவ்வளவு சம்பளம், எனக்கு ஏன் இன்னும் பார்க்கவில்லை. அரை மணிக்கூர் பேட்டி கொடுத்தது நான்தான்.

வட்டமும் முக்கோணமும்:

அய்யோ, இதுதான் தங்கச்சி பாடம்! அடுப்புக் கணக்கைப் பற்றித்தான் புத்தகம் புத்தகமாக எழுதியிருக்கிறார்கள். மக்கள்தொகைக் கணக்கெடுப்புக்கு ஒரு வீட்டார் என்றால் பொதுவாக ஒன்றாக வாழ்ந்து ஒரே சமையலில் சாப்பிடுகிறவர்கள். சமூகவியலில் வீட்டாரையும் குடும்பத்தையும் ஒன்றாகப் பார்க்கக் கூடாது என்று ஏ.எம். ஷா போன்றவர்கள் அழுத்திச் சொன்னார்கள். அடுப்பு பிரிந்தால் கூட்டுக்குடும்பம் உடைந்துவிட்டது என்று எழுதிவிடுகிறோம், ஆனால் உன் அத்தை "ஒண்ணு" என்கிறார். அவர் பொய் சொல்லவில்லை, மயினியும் பொய் சொல்லவில்லை.

அரசாங்கத்துக்கும் இதே தலைவலிதான். 2023 செப்டம்பரில் மகளிர் உரிமைத் தொகை தொடங்கியபோது ஒரு குடும்ப அட்டைக்கு ஒரு பெண்ணுக்குத்தான் 1,000 ரூபாய் என்றார்கள். உடனே எத்தனை வீட்டில் மாமியாரா மருமகளா, தலைவி யார் என்ற கேள்வி வந்தது! அந்த மாதங்களில் நம் ஊர் ரேஷன் கடை வாசலில் ஒரு பாயை விரித்து உட்கார்ந்திருந்தால் ஒரு ஆய்வேடே தேறியிருக்கும்.

"யாருக்க மவ?" என்று கேட்டதைத் தொந்தரவாக எடுத்துக்கொள்ளாதே. அந்தப் பாட்டி உன்னை எந்த முறையில் வைத்துப் பேசுவது என்று தேடியிருக்கிறார். அத்தையா, பேத்தியா, அயலாளா? அது தெரியாமல் நம்மூரில் வாயே திறக்க மாட்டார்கள். அந்த அரை மணிக்கூரையும் நோட்டில் எழுதிவை.

குழித்துறை கோர்ட்டு வாசல்:

ஒரு எச்சரிக்கை. சொந்த ஊரில் செய்தால் சொத்துத் தகராறு, விவாகரத்து, சாதி மாறிய கல்யாணம் எல்லாம் காதில் விழும். பெயரை மாற்றி எழுதினால் போதும் என்று நினைக்காதே. "ரப்பர் தோட்டம், மூன்று வீடு, மஸ்கட் மகன்" என்று எழுதினாலே குலசேகரத்தில் எல்லாருக்கும் வீடு தெரிந்துவிடும். இந்த இழையில் நீ எழுதியதையும் கொஞ்சம் மாற்று.

குலசேகரத்துக்காரி:

மஸ்கட் ஏற்கெனவே மாற்றி எழுதியதுதான் சார். மற்றதையும் மாற்றிக்கொள்கிறேன், நன்றி.

இன்னொரு விஷயம். நேற்று மாமா மறுபடியும் வந்தார். நான் எதுவும் வாதாடவில்லை. ஒரு தாளைக் கொடுத்து முக்கோணம், வட்டம் எல்லாம் சொல்லிக்கொடுத்து, நம் குடும்பத்தைப் போடுங்கள் என்றேன். பத்து நிமிடத்தில் முடிப்பேன் என்று கண்ணாடியை மாட்டினார். சாயங்காலம் விளக்கு வைக்கிற வரைக்கும் போட்டார். அம்மை அடுக்களையில் இருந்து வந்து வந்து திருத்தினார். இருபதாம் நூற்றாண்டின் தொடக்கத்தில் வேதத்தில், அதாவது கிறிஸ்தவத்தில், சேர்ந்த கிளை, சேராத கிளை என்று நடுவில் தாள் இரண்டாகப் பிரிந்தது. இரண்டு பக்கமும் இன்னும் கோயில் கொடைக்கும் சர்ச் திருவிழாவுக்கும் மாறி மாறிப் போகிறோம் என்பதை எப்படி வரைவது என்று மாமாவே கேட்டார். எனக்குத் தெரியவில்லை, புள்ளிக்கோடு போட்டோம்.

அப்புறம் அம்மை தாளைப் பார்த்துக்கொண்டே இருந்துவிட்டு, "இவளை எங்க?" என்றார். பெரியம்மை ஒருவர், முப்பது வருடத்துக்கு முன் வீட்டை விட்டுப் போய்க் கல்யாணம் செய்துகொண்டவர். அவரைப் பற்றி எங்கள் வீட்டில் யாரும் பேசிக் கேட்டதில்லை. மாமா "அதைப் போடாண்டாம்" என்றார். அம்மை ஒன்றும் சொல்லவில்லை, என் பென்சிலை வாங்கி ஒரு சின்ன வட்டம் போட்டுவிட்டு அடுக்களைக்குப் போய்விட்டார். மாமா அழிக்கவில்லை.

சேர்க்கைக் கடிதம் வந்துவிட்டது. விடுதிக் கட்டணம் அண்ணன் அனுப்புகிறான், "ரெண்டு வருஷம், அதுக்கு மேல கேக்காத" என்ற நிபந்தனையோடு.

அலைவாய்க்கரை:

கொள்ளாம் மக்களே. அந்தத் தாளை வகுப்பில் காட்டுவதற்கு முன்னால் உனக்க அம்மைகிட்ட ஒரு வார்த்தை கேட்டுக்கோ.